நம்புராஜனை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

"மாமா, பேரை மாத்திரலாம்னு இருக்கேன்" என்று அக்கா மகன் சொன்னபோது, அக்கா முற்றத்தில் விளைமீன் உரசிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. செதிள் சுரண்டுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமானது.

பாம்பனில் அக்கா வீடு. மருமகனுக்கு வயது 24, கோயம்புத்தூரில் ஒரு பம்புக் கம்பெனியில் வேலை. ஷார்ஜாவில் இருக்கிற பெரியப்பா மகன், "பாஸ்போர்ட் எடுத்து வை, ஆறு மாசத்துல கூப்பிடுறேன்" என்றிருக்கிறான். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு பெயரை மாற்றினால் இரட்டை அலைச்சல், மாற்றுவதென்றால் இப்போதே மாற்றிவிட வேண்டும் என்பது இவன் கணக்கு. கணக்கில் தப்பில்லை.

அவன் பெயர் நம்புராஜன். ராமேஸ்வரம் தீவில் இந்தப் பெயருக்கு யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். தனுஷ்கோடி போகிற வழியில் நம்புநாயகி அம்மன் கோயில் இருக்கிறது. அந்த அம்மனை நினைத்து வைத்த பெயர்கள் நம்புராஜன், நம்புச்செல்வம், நம்புசேகர் என்று தெருவுக்கு நாலு. கரையில் நின்றுகொண்டு "ஏய் நம்பு" என்று கூப்பிட்டால் பத்துத் தலை திரும்பும். கோயம்புத்தூரில் திரும்புவது இவன் தலை ஒன்றுதான். "சரக்கு இன்னைக்கு வந்துருமா?" என்று ஒருத்தர் கேட்பார், "நம்பு!" என்று இன்னொருத்தர் பதில் சொல்வார், சுற்றி நிற்கிற எல்லோரும் சிரிப்பார்கள். மூன்று வருஷமாக அதே சிரிப்பு. முதல் மாதம் இவனும் சேர்ந்து சிரித்திருக்கிறான்.

இதில் எனக்குப் பேச என்ன தகுதி என்றால், என் பெயர் வழிவிட்டான். 46 வருஷமாகச் சுமக்கிறேன். ராமநாதபுரத்தில் வழிவிடு முருகன் கோயில் இருப்பதால் எங்கள் மாவட்டத்தில் இது சாதாரணப் பெயர். செங்கல்பட்டைத் தாண்டினால் சாதாரணமில்லை. கல்லூரியில் முதல் நாள் வருகைப் பதிவேட்டைப் படித்தவர் என் பெயரில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். அன்றிலிருந்து மூன்று வருஷம் நான் வகுப்பு வாசலில் நின்றால் பின்னால் வருகிறவன் "டேய், வழி விட்டான் பாரு" என்பான். மருமகன் என்னைத் தேடிவந்து கேட்டதற்குக் காரணம் அதுதான்.

மஞ்சப்பையில் இருந்த காகிதங்களைத் திண்ணையில் பரப்பினோம். அவன் முன்னால் இருந்த வழிகள் நாலு. அரசிதழில் விளம்பரம் கொடுத்து வேறு பெயருக்கு மாறுவது. காகிதத்தில் பழையதை விட்டுவிட்டு, வெளியில் புதுப்பெயர் சொல்லிப் புழங்குவது. பாதியைக் கத்தரித்து "ராஜன்" ஆவது. அல்லது இருப்பதை இருக்கிறபடியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் சரிசெய்வது.

கத்தரிப்பதை முதலிலேயே தள்ளிவிட்டேன். காகிதத்தில் "நம்பு"வை எடுக்க வேண்டுமென்றாலும் அரசிதழுக்குத்தான் போக வேண்டும். முழுசாக மாற்றுகிற அதே அலைச்சல், கிடைப்பது பாதிப் பெயர். நாலு ராஜன் இருக்கிற ஆபீசில் ஐந்தாவது ராஜன். வாய்ப்பேச்சில் ராஜன் என்று சொல்லிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அது வேறு.

அவன் மனசு முழுக்க அரசிதழில்தான் இருந்தது. புதுப்பெயரைக்கூடத் தேர்ந்துவைத்திருந்தான். வடமொழிச் சாயலில், நடுவில் ஒரு மெய்யெழுத்து இடறுகிற பெயர். நியூமராலஜி பார்க்கிற ஒருத்தர் கூட்டுத்தொகை 5 வர வேண்டுமென்று ஆங்கிலத்தில் ஓர் 'ஏ'வை இரட்டித்துக் கொடுத்திருக்கிறார். அக்கா அதை மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். மூன்று முறையும் வேறு வேறாக வந்தது. பெற்ற தாய்க்கே நாக்கு மடங்கவில்லை என்பதை அவன் கவனித்தானா தெரியாது, நான் கவனித்தேன்.

வேலை இப்படித்தான்: சென்னை அண்ணா சாலையில் இருக்கிற எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பம், கட்டணம், அடையாளச் சான்று, காரணம், அத்தாட்சிக் கையெழுத்து. பெயர் அரசிதழில் அச்சானதும் அந்த நகலை வைத்து ஆதாரில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். 18 வயதானவர்கள் தாங்களே கேட்கலாம். மலையைப் புரட்டுகிற காரியமில்லை, ஆயிரக்கணக்கான பேர் செய்கிறார்கள். ஆனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பழைய பெயர்தான் நிற்கும். வேலைக்குப் போகிற இடமெல்லாம் பட்டியலோடு அரசிதழ் நகலையும் தூக்கிக்கொண்டு போய், "அவனும் நான்தான்" என்று சொல்ல வேண்டும். பெயர் மறையாது, பின்னாலேயே வரும். இதை அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அரசிதழ் வழியை நான் மட்டமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதை முதல் வழியாக எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் உண்டு. எங்கள் பக்கமும் மதுரைப் பக்கமும் போதும்பொண்ணு என்று பெயர் வைப்பார்கள். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். மூன்றாவதாகவோ நாலாவதாகவோ பெண் பிறந்ததும், "இனிமேல் பொண்ணு போதும், ஆணைக் கொடு" என்று சாமிக்குச் சொன்ன சேதி அது. அந்தப் பிள்ளை பிறந்த அன்றே, நீ எங்களுக்கு மிச்சம் என்று நெற்றியில் எழுதிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு நாளும் "உள்ளேன் ஐயா" என்று அதற்கு அவள் ஒப்புதல் வேறு கொடுக்க வேண்டும். போதும்பொண்ணு என்ற பெயருள்ள ஒருத்தி மாற்ற வேண்டும் என்றால் நானே விண்ணப்பம் எழுதிக் கொடுப்பேன். மேல்சாதிக்காரன் கேலிக்கு வைத்த பெயரைப் பாட்டன் காலத்திலிருந்து சுமக்கிறவர்களுக்கும் அதுதான். அங்கே மரபு, மண்வாசனை என்று பேசுகிறவர்கள் தங்கள் பெயரை அவர்களோடு மாற்றிக்கொள்ளத் தயாரா என்று கேட்டால் போதும்.

ஆனால் பிச்சை என்று ஒரு பெயர் இருக்கிறது, குப்பையிலிருந்து வந்த குப்பன், குப்பம்மாள் இருக்கிறார்கள். காதில் விழுந்தால் இழிவாக இருக்கும். பிறந்து பிறந்து பிள்ளை தவறிப்போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் கிடத்தி, வேண்டாதது போல எமனுக்குக் காட்டிவிட்டு எடுத்துவருவார்கள். சாமி போட்ட பிச்சை என்று வாங்கிக்கொள்வார்கள். இந்தக் கரையில் முஸ்லிம் வீடுகளிலும் பிச்சைக்கனி உண்டு. எல்லாப் பெயரிலும் ஆசை அதிகமாக வைத்துக் கூப்பிட்ட பெயர் அதுதான் என்பேன். ஆகவே பெயர் காதுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. எந்த நாளில், எந்த மனசோடு, யார் வைத்தார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் விண்ணப்பத்தைத் தொட வேண்டும்.

"உனக்கு யாரு பேரு வச்சது, எதுக்கு வச்சதுன்னு தெரியுமா மாப்ள?" என்று கேட்டேன். "கோயில் பேருதானே மாமா" என்றான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் மாமனாரும் ஒரு நம்புதான். தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலில் ஊர் கடலோடு போனபிறகு பாம்பனுக்கு வந்து குடிசை போட்டவர். வலை இல்லை, வள்ளம் இல்லை, வீட்டுச் சாமான் ஒன்றுமில்லை. ஊரிலிருந்து வந்ததற்கு அடையாளமாக மிஞ்சியது அந்தப் பெயர் ஒன்றுதான். அவர் செத்து ஐந்தாம் மாதம் இவன் பிறந்தான், பெயரை யோசிக்க வேண்டிய வேலையே வைக்கவில்லை. பேரன் என்றாலே பெயரன்தான், பாட்டன் பெயரைத் தரித்தவன். பேத்தியும் பெயர்த்தி.

அக்கா இதையெல்லாம் சொன்னாளே தவிர, மாமனார் பெயரை வாயால் சொல்லவில்லை. "இவன் பேருதான் அவுகளுக்கும்" என்று மகனைக் கைகாட்டினாள். இவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சாமி", "அய்யா", கோபம் வந்தால் "பெரிய மனுசா". மாமனார் பெயரைச் சொல்லி "எந்திரிடா" என்று எப்படிச் சொல்வது?

இதில்தான் இரண்டாவது வழியின் வேர் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பெயர், காகிதத்துக்கு ஒரு பெயர் என்பது இன்றைக்கு வந்த நாகரிகமில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்த வீடுகளில் மருமகள்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. அதை வெளியூரில் திருப்பிப் போட்டு நான் பதினோரு வருஷம் ஓட்டினேன்.

சென்னையில் முதல் வேலையில் சேர்ந்த அன்று பெயர் கேட்டார்கள். "விஜய்" என்றேன். என்னை அறியாமல் வந்தது. சம்பளச் சீட்டில் வழிவிட்டான், டீக்கடையில் விஜய். இது சுகமான வழி. செலவில்லை, விண்ணப்பமில்லை, ஊருக்குப் போனால் சட்டையைக் கழற்றி மாட்டுகிற மாதிரிப் பெயரையும் மாட்டிவிடலாம். ஐந்தாறு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை.

2009இல் கல்யாணம். பத்திரிகையில் பெரிய எழுத்தில் வழிவிட்டான் என்று போட்டிருந்ததால், கூட வேலை பார்த்தவர்களுக்குப் பத்திரிகை கொடுக்கக் கூச்சப்பட்டுப் போனிலேயே நாள், ஊர், மண்டபம் இருக்கிற தெரு எல்லாம் சொன்னேன். எட்டுப் பேர் சேது எக்ஸ்பிரசில் ராமநாதபுரம் வந்து இறங்கினார்கள். எங்கள் மண்டபத்து வாசலில் பேனரைப் பார்த்தார்கள். வழிவிட்டான். நம்ம விஜய் இல்லை என்று நகர்ந்தார்கள். அடுத்த தெருவில் இன்னொரு மண்டபம், அங்கே விஜய் என்று ஒரு மாப்பிள்ளை. உள்ளே போய் உட்கார்ந்து பொங்கல், வடை, கேசரி சாப்பிட்டு, ஆளுக்கு 500 ரூபாய் மொய்யும் எழுதிவிட்டு, வாழ்த்துச் சொல்ல மேடை ஏறியபோதுதான் மாப்பிள்ளை முகம் வேறு என்று தெரிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எங்கள் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். என் மாமனார் "தம்பிகளா, யாரு வீட்டுக்கு?" என்று கேட்க, "விஜய் கல்யாணத்துக்குங்க" என்று அவர்கள் சொல்ல, "அது பக்கத்துத் தெருப்பா" என்று அவர் திருப்பி அனுப்பப் பார்த்தார். அந்த 4,000 ரூபாய் மொய் எனக்கு இன்னும் வந்தபாடில்லை.

சிரிப்பாகச் சொல்கிறேன், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. புதுப்பெண் என்னிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி, "உங்களுக்கு எத்தன பேரு?" என்பதுதான். புனைபெயர் வழியில் காகிதச் சிக்கல் கிடையாது, ஆள் சிக்கல் உண்டு. இரண்டு கூட்டமும் ஒரே பந்தியில் உட்காருகிற நாள் ஒன்று வந்தே தீரும். அதோடு வளைகுடாவுக்குப் போகிறவனுக்கு இது பாதிதான் உதவும். அங்கே அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான் கூப்பிடும் பெயர்.

சொந்த விருப்பத்தில் பெயரை மாற்றிக்கொண்டவர்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது ஓரியூர். போர்ச்சுகலிலிருந்து வந்த பாதிரியார் ஜான் தெ பிரிட்டோ இங்கே அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார், 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்டார். இன்றைக்குக் கரையோரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அருளானந்துவும் இருக்கிறான், பிரிட்டோவும் இருக்கிறான். அவர் போட்டுக்கொண்ட பெயரும் நின்றது, கழற்றி வைத்த பெயரும் நின்றது. யாரிடம் பேச வந்தாரோ அவர்கள் வாய்க்குத் தகுந்த பெயராக அவர் தேடிக்கொண்டார். மருமகன் தேர்ந்தது தாய் வாய்க்கே வராத பெயர். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதைச் சொன்னால் அவன் முகம் சுருங்கும் என்று அப்போது சொல்லவில்லை.

நாலாவது வழிக்கு வருகிறேன். இதுதான் என் கட்சி என்பது இதற்குள் தெரிந்திருக்கும்.

மஞ்சப்பைக் காகிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவன் உண்மையான தொல்லை கண்ணுக்குத் தெரிந்தது. மதிப்பெண் பட்டியலில் ஆங்கிலத்தில் நம்புராஜன், ஒட்டி, ஒரே சொல்லாக. ஆதாரில் நம்பு தனி, ராஜன் தனி. வங்கிப் புத்தகத்தில் கடைசி 'என்' விழுந்து 'நம்பு ராஜா'. மூன்று காகிதத்தில் மூன்று ஆள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் மடக்கப்போவது இந்த மூன்று பேரும் ஒருவர் இல்லையே என்றுதான். அங்கே யாருக்கும் நம்புவைப் பார்த்துச் சிரிக்க நேரமில்லை. என் கதையும் அதுதான். 'ழ'வுக்கு இசட்-எச் போட்ட காகிதம் ஒன்று, வெறும் எல் போட்டது ஒன்று, இசட் மட்டும் போட்டது ஒன்று. எல் போட்டதை வாசித்த ஒரு வங்கி அம்மா "வலி விட்டதா சார்?" என்று அக்கறையாகவே கேட்டார். தமிழில் என் பெயருக்கு ஒரு கோளாறும் கிடையாது.

நாக்கும் எழுத்தும் பெயரை வளைப்பதொன்றும் புதிதில்லை. கீழக்கரையின் செய்கு அப்துல் காதிரை எங்கள் நாக்கு சீதக்காதி ஆக்கியது. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று ஊரே சொல்கிறது, வளைந்த பெயரில்தான் புகழ். தங்கச்சிமடத்துச் சந்தியாகு, போர்ச்சுக்கீசியரின் சாந்தியாகோ. அதன் வேரும் விவிலியத்து யாக்கோபுவும் பக்கத்து வீட்டு யாக்கூபும் ஒன்றே. வாயில் வளைந்தால் பெயருக்கு அழகு. கம்ப்யூட்டரில் வளைந்தால்தான் தலைவலி, ஏனென்றால் அது ஒரு வளைவை மட்டும்தான் ஏற்கும்.

ஆகவே நான் சொன்னது: பத்தாம் வகுப்புப் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அதைத் தாய்க் காகிதமாக வை. மற்றதெல்லாம் அதன்படி வரட்டும். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் திருத்த முடியும், நியூமராலஜி விளையாட்டுக்கு அதைச் செலவழிக்காதே. முதலில் ஆதார், பிறகு பான், பிறகு வங்கி. வீட்டில் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை: பிறப்புச் சான்றிதழில் பெயரைப் 12 மாதத்துக்குள் பதிந்தால் கட்டணமில்லை, அதற்குமேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு. 2023 அக்டோபர் 1க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முதல் பாஸ்போர்ட் வரை அந்தச் சான்றிதழ்தான் பிறப்புக்கு ஆதாரம். பாட்டன் பெயரோ சினிமாப் பெயரோ, ஆங்கில எழுத்தை அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எதிரில் இருப்பவர் காதில் விழுந்ததைத் தட்டெழுத விடாதீர்கள்.

மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப ஆபீஸ்ல சிரிக்கிறது?" என்றான். அதற்கு என்னிடம் மருந்தில்லை என்றேன். வழிவிட்டான் என்று நான் திரும்பச் சொல்ல ஆரம்பித்தபோது முதல் மாதம் சிரித்தார்கள், இரண்டாம் மாதம் அர்த்தம் கேட்டார்கள், பிறகு வேலை சொன்னார்கள். உனக்கு மூன்று வருஷமாக ஓயவில்லை என்றால் கோயம்புத்தூரில் ராஜன் என்று சொல்லிக்கொள், நான் விஜய் என்று வேறு ஆளாகிப் போன மாதிரி அது ஆகாது. உன் பெயரின் வால்தானே. ஆனால் கல்யாணப் பத்திரிகையை எல்லோருக்கும் கையில் கொடு.

அரசிதழைக் கைவிட்டானா என்றால், முழுசாக இல்லை. "ஒரு வருஷம் பாப்போம் மாமா" என்றான். இருக்கட்டும், அவன் பெயர், அவன் முடிவு. பாஸ்போர்ட் விண்ணப்பத்தை மட்டும் அன்றைக்கே நிரப்ப உட்கார்ந்தோம்.

அதில் இரண்டு கட்டம். ஒன்று சொந்தப் பெயர், இன்னொன்று குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஏ.பி.ஜே. அப்துல் கலாமுக்கு அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்று மூன்று தலைமுறை முன்னால் நடக்க, சொந்தப் பெயர் கடைசியில் வரும். நம் வரிசை அது. வெள்ளைக்காரன் வரிசையில் கடைசியில் வருவது குடும்பப் பெயர். மருமகன் அந்தக் கட்டத்தைக் காலியாக விடப் பார்த்தான். விடாதே என்றேன். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் உள்ளே விடுவதில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கினார்கள். விமான நிலையத்தில் நின்று விளக்குவதைவிட இங்கேயே நிரப்புவது நல்லது. குடும்பப் பெயர்க் கட்டத்தில் உன் அப்பா பெயரைப் போடு.

"அப்படிப் போட்டா என்ன மாமா ஆகும்?"

"அங்க பாதி ஆபீஸ்ல உன் பேரைக் கூப்பிட மாட்டாங்க. மிஸ்டர்னு சொல்லி உங்க அப்பா பேரைத்தான் கூப்பிடுவாங்க."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். கல்யாணமாகி 27 வருஷம். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் இன்றைக்கும் அட்டையை நீட்டி எழுத்தைக் காட்டுகிறவள்.

"நான் இன்னைக்கு வரைக்கும் வாயால சொல்லாத பேரு" என்றாள். "அந்தப் பேரைச் சொல்லியாடா உன்ன டீ வாங்கிட்டு வரச் சொல்லுவாங்க?"

மருமகனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தான். அக்காவுக்கு முதலில் கோபம், அப்புறம் அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கட்டத்தை நான்தான் நிரப்பினேன், எழுத்துக்கு எழுத்து அவன் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து.